அது குடும்பச் செய்தி இல்லையோ?

"எங்கடை வீட்டிலை இப்ப ஆமி இருக்குது எண்டு எழுதுங்கோ தம்பி" என்று அந்த அம்மா சொன்னதும் என் பேனை நின்றுவிட்டது.

அதற்கு முன் அவர் சொன்ன எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது, அவருக்கு முழங்கால் வலி குறைந்தது, களுத்துறைச் சிறைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மகன் பட்டினி கிடக்கக் கூடாது என்பது என எல்லாம் அந்தப் படிவத்தில் இருந்தன. ஊரில் ரெட்குறொஸ் கடிதம் என்பார்கள்; போரால் பிரிந்த குடும்பத்தவரிடையே செஞ்சிலுவை இயக்கம் கொண்டுசேர்க்கும் செய்தி. ஒட்டாத, உறையில்லாத திறந்த தாள் அது; போகும் வழியில் அதிகாரிகள் வாசிப்பார்கள் என்பது எழுதுபவருக்கும் தெரியும், பெறுபவருக்கும் தெரியும். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். அரசியலோ இராணுவ விடயமோ ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. 1997இல், தொண்டனாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்த எனக்கு, மற்ற எதையும் விட அந்த விதி நன்றாகப் பாடமாகியிருந்தது.

"அம்மா, அதை எழுத ஏலாது. குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம்."

"வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டது குடும்பச் செய்தி இல்லையோ?"

அவர் வாதாடவில்லை; உண்மையாகவே கேட்டார். நான் பதில் சொல்லாமல், "நாங்கள் இப்போது சின்னம்மா வீட்டில் இருக்கிறோம்" என்று எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதில் பொய் இல்லை. அவர் சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நாங்கள் விரும்பிப் போய் இருக்கிறம் எண்டெல்லோ பெடியன் நினைப்பான்" என்றார். பிறகு, என் மேற்சட்டையிலிருந்த செஞ்சிலுவைச் சின்னத்தைக் காட்டி, நான் வேதக்காரனா என்று கேட்டார். இல்லை அம்மா, அது சமயச் சின்னமில்லை, சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டது என்று விளக்கினேன். 1876இல் ஒட்டோமான் பேரரசு சிலுவைக்குப் பதிலாகப் பிறையை ஏற்ற கதையையும் சேர்த்துச் சொன்னதாக நினைவு. பதில் தெரிந்த கேள்வி ஒன்று வந்ததில் எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நான் செய்தது சரி என்று எனக்கு நானே பலமுறை நிறுவியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகப் படிவம் முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கலாம். தாயின் முழங்கால் பற்றிக்கூட மகனுக்குத் தெரியாமல் போயிருக்கும். அதே பையில் இருந்த மற்றத் தாய்மாரின் கடிதங்கள் மீதும் சந்தேகம் விழுந்திருக்கலாம். சிறைக்குள் போய்க் கைதிகளைத் தனியே சந்தித்துப் பேச அனுமதி பெற்றிருந்த செஞ்சிலுவைப் பிரதிநிதிகளுக்கு, இந்தக் கடிதங்களில் வேறெதுவும் ஒளிந்திருக்காது என்ற நம்பிக்கைதான் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1965இல் வியன்னாவில் பிரகடனம் செய்யப்பட்ட, இயக்கத்தின் ஏழு அடிப்படைக் கொள்கைகளில் நடுநிலைமையைச் சொல்லும் வாசகம், "எல்லோருடைய நம்பிக்கையையும் தொடர்ந்து பெறும் பொருட்டு" என்ற காரணத்தோடுதான் தொடங்குகிறது. நடுநிலைமை அங்கே ஒரு வழி. போய்ச் சேர வேண்டிய இடம் அதுவன்று. அதனால்தான் வரிசையில் மனிதாபிமானம் முதலாவதாகவும் பாரபட்சமின்மை இரண்டாவதாகவும் நிற்க, நடுநிலைமை மூன்றாவதாக வருகிறது என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் வரிசையில் முதலாவது கொள்கை அன்று என்ன கேட்டது என்று யோசிக்கும்போது அந்த நிறுவல் தளர்ந்துவிடுகிறது. இந்த இயக்கமே ஒரு செய்தி கொண்டுபோனவரிலிருந்துதான் பிறந்தது. 1859 ஜூன் 24 அன்று நடந்த சோல்பெரினோச் சண்டைக்குப் பிறகு, கஸ்டிலியோனே ஊர்த் தேவாலயத்தில் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து காயக்காரரைப் பராமரித்த ஹென்றி டுனான்ட், இறந்துகொண்டிருந்த ஒரு பிரெஞ்சு இளைஞனின் செய்தியைப் பாரிஸிலிருந்த பெற்றோருக்கு அறிவித்தார். ஒரே பிள்ளையைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த ஒரே தகவல் அதுதான். அவருக்குப் படிவம் இருக்கவில்லை, தணிக்கை இருக்கவில்லை, காப்பாற்றிக்கொள்ள ஓர் இயக்கமும் இன்னும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பொதுமக்களின் படிவத்தில் 25 சொற்களுக்குத்தான் இடம்; அந்த 25க்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று எத்தனை தாய்மார் விரல்விட்டு எண்ணியிருப்பார்கள்!

அதே போரில், நாஜிகள் செய்துகொண்டிருந்ததைப் பற்றிப் போதிய அளவு அறிந்திருந்தும், பகிரங்க வேண்டுகோள் எதுவும் விடுப்பதில்லை என்று 1942 ஒக்டோபர் 14 அன்று ஜெனீவாவிலிருந்த செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு முடிவெடுத்தது. போர்க்கைதிகளிடம் சென்று வரும் வழி அடைபட்டுவிடும் என்ற அச்சமும் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த மௌனம் தங்கள் தோல்வி என்று பிற்காலத்தில் குழுவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய விடயத்தை என்னுடைய ஒற்றை வரியோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஒப்பிடவும் எனக்கு உரிமையில்லை. எனினும் அந்த முடிவைப் பற்றி வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஜெனீவா மேசை தெரிவதில்லை, அந்தச் சின்னம்மா வீட்டு விறாந்தைதான் தெரிகிறது.

சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. விதியை நினைத்துத்தான் பேனை நின்றது என்று இதுவரை எழுதிவிட்டேன். உண்மையில் அது நின்றபோது விதி என் நினைவில் இருந்ததா? படிவத்தில் இருந்தது என் கையெழுத்து. நாளும் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக் கடந்து போன இருபத்தொரு வயதுத் தமிழ்ப் பெடியன் நான். "ஆமி" என்ற சொல்லை என் கையால் எழுதப் பயந்தேன் என்பதுதான் சரியாக இருக்கக்கூடும்; நடுநிலைமை அந்தப் பயத்துக்கு மரியாதையான ஒரு பெயரைத் தந்தது. அல்லது, பயமும் கொள்கையும் அன்று ஒரே பக்கம் நின்றதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. புதிய தொண்டர்களுக்கு இதைச் சொன்னதே இல்லை. விதியைச் சரியாகக் கடைப்பிடித்த உதாரணமாகச் சொல்வதா, மாறாகச் சொல்வதா என்று தீர்மானிக்க முடியாததால் விட்டுவிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்து மகனின் பதில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "அப்பா பாடுபட்டுக் கட்டின வீட்டை ஏன் விட்டுப் போனீர்கள்? தங்கச்சியோடு சண்டையா? கிணற்றடி மாமரத்தை ஆர் பார்க்கிறார்கள்?" என்று இருந்தது. அடுத்த வரிக்குப் போகத் தயங்கினேன். அம்மா முகம் மாறவில்லை. "சொன்னேனெல்லோ" என்றுகூட அவர் சொல்லவில்லை.

புதிய படிவத்தை எடுத்து மடியில் வைத்தேன். இந்த முறை அவர் கேட்டால் எழுதிவிடுவது என்று எண்ணியிருந்ததாக இன்று எனக்குத் தோன்றுகிறது; அது பிற்பாடு நானே சேர்த்துக்கொண்ட எண்ணமாகவும் இருக்கலாம். அவர் கேட்கவில்லை. எதை எழுதலாம், எதை எழுத ஏலாது என்பதை அவர் என்னிடமே படித்துவிட்டார்.

"மாமரம் நல்லாக் காய்ச்சிருக்கு எண்டு எழுதுங்கோ தம்பி" என்றார்.

அந்த வளவுக்குள் அவர் கால் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரம் நிற்கிறதா, தறித்துவிட்டார்களா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அதை அப்படியே எழுதினேன். அந்தப் படிவம் எந்தத் தடையுமின்றிப் போய்ச் சேர்ந்தது.