தகட்டிலிருந்து தாளுக்கு: பிரெண்டர்காஸ்ட் குறிப்புகள்

மார்ச் 3

அமெரிக்க ஓவியர் மாரிஸ் பிரெண்டர்காஸ்ட் 1890-களில் பாஸ்டனில் கையாண்ட மோனோடைப் முறை, அதாவது தகட்டில் தீட்டிய படத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் முறை, இது. செப்புத் தகட்டில் எண்ணெய் வண்ணம் தீட்டு. வெள்ளை வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்தெடு. மேலே மெல்லிய ஜப்பானியத் தாளைப் போட்டு, பின்பக்கம் ஸ்பூனால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய். அச்சு எந்திரம் கட்டாயமில்லை. படம் இடம் வலமாகத் திரும்பும். பெயரெழுத்தைத் தகட்டிலேயே கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும்.

மார்ச் 5

டியூப் வண்ணத்தை அப்படியே எடுத்தால் தாளில் வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் வளையம் படரும். மையொற்றுத் தாளில் சிறிது நேரம் பிதுக்கிவைத்தால் அதிக எண்ணெய் இறங்கிவிடும். நெடுநேரம் விட்டால் வறண்டு, தகட்டைவிட்டே வராது. தேய்க்கும்போது ஒரு பக்கத்தில் எடை வைத்து, எதிர் மூலையைத் தூக்கிப் பார்க்கலாம். தாள் நகர்ந்தால் எல்லாக் கோடும் இரட்டிக்கும்.

மார்ச் 8

முக்கியமானது இதுதான். கணநேர ஒளியைப் பிடிக்க முயன்ற இம்ப்ரஷனிச ஓவியப் பாணியின் சின்னச் சின்னத் தீற்றல்களைத் தகட்டில் ஈரமாக அடுக்கினால், அழுத்தத்தில் நசுங்கி ஒன்றோடொன்று கலந்து சேறாகிறது. நீலத்தின் மேல் ஆரஞ்சு வைத்தால் பழுப்புதான் மிஞ்சும். ஒரு வடிவத்துக்கு ஒரு நிறம், இரண்டுக்கும் நடுவே துடைத்த வெள்ளை இடைவெளி: அப்போதுதான் அச்சு தெளிகிறது. குடையும் பாவாடையும் நிழலற்ற தட்டையான திட்டுகளாகின்றன.

பிரான்சின் ஜிவெர்னி கிராமத்தில் இம்ப்ரஷனிச ஓவியர் மோனேக்குப் பக்கத்தில் இருந்து வரைந்த அமெரிக்கர் தியடோர் ராபின்சன் இதற்கு நேர் எதிர். புகைப்படத்தில் கட்டம் போட்டு உருவத்தைத் திடமாக நிறுத்தி, அதன்மேல் ஒளியைத் தூவினார். அமெரிக்க இம்ப்ரஷனிஸ்டுகள் பலரும் உருவத்தின் திடத்தைக் கைவிடத் தயங்கியவர்கள்தான். பிரெண்டர்காஸ்ட் அதைத் தயங்காமல் விட்டார். 1907-ல் பாரிஸில், வண்ணத் திட்டுகளால் படம் கட்டிய பிரெஞ்சு ஓவியர் செசானின் படைப்புகளைப் பார்த்துப் பரவசப்பட்டார், உண்மை. ஆனால் திட்டுகளால் படம் கட்டும் பழக்கம் அதற்கு முன்பே இந்தத் தகட்டில் அவர் கையில் ஏறியிருந்தது என்றே நம்புகிறேன். 1913-ல் நியூயார்க்கில் நடந்த நவீன ஓவியக் கண்காட்சியான ஆர்மரி ஷோ காலத்து அவருடைய எண்ணெய் ஓவியங்களில் மரம், கடல், மனிதர் எல்லாமே ஒரே கனத்தில் பக்கம் பக்கமாக நிற்பதைப் பாருங்கள்.

மார்ச் 11

முதல் பிரதி எடுத்ததும் தகட்டைத் துடைத்துவிடாதீர்கள். மிச்ச வண்ணத்தில் இன்னொரு தாள், சற்று ஈரப்படுத்தி, இன்னும் அழுத்தித் தேய்த்தால் வெளிறிய இரண்டாம் பிரதி கிடைக்கும். சில சமயம் இரண்டாவதும் மூன்றாவதும்தான் சிறந்தவை என்பது பிரெண்டர்காஸ்டின் கருத்து. முதல் பிரதியில் வண்ணம் தடித்திருந்தால் அது சரிதான். மெல்லிசாகத் தீட்டிய தகட்டில் இரண்டாவது வெறும் கறையாகவே விழும்.