ஒரு கையெழுத்துக்கு ஏழு நடை

2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பையனின் கால்பந்துப் பதிவு முடிந்துவிட்டது என்று சென்னையிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. கெடு 31. சந்தோஷத்தைவிட அசதிதான் முதலில் வந்தது. எனக்கு ஷூ கம்பெனியில் வேலை. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாதத்தில் ஏழு நாள் அப்படிப் போனது. வேலூர் பக்கம் பந்தாடுகிற பிள்ளையை வைத்திருக்கிறவர் யாராவது இதைப் படித்தால், அந்த ஏழில் நாலு நாளாவது அவருக்கு மிச்சமாகட்டும்.

பையன் தேர்வான கதை ஒரு வரிதான். மே மாதம் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னையில் ஒரு கால்பந்து அகாடமிக்குப் போனோம், ரெண்டு ஆட்டம் ஆடவிட்டார்கள், இடது பக்க டிஃபென்டராக எடுத்துக்கொண்டார்கள். அந்த அகாடமியில் தேறுகிற பிள்ளைகள் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஒன்றின் 15 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடுவார்கள். எடுத்த கையோடு ஷூ வாங்கிக் கொடுத்து, மக்கன் பேடா வாங்கி அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அவசரப்பட்டுவிட்டோம்.

ஜூன் கடைசியில் அகாடமி அலுவலகத்திலிருந்து போன். "சார், உங்க பையன் பேர் சிஆர்எஸ்ல வேற கிளப்புல இருக்கு. அவங்க விட்டாத்தான் நாங்க பதிவு பண்ண முடியும். அப்புறம், பிறப்புச் சான்றிதழ்ல பேரே இல்லையே சார்?"

ஒரே போனில் ரெண்டு அடி.

முதலில் சிஆர்எஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் நடத்துகிற கணினிப் பதிவு அது. வெளிநாட்டிலிருந்து வந்து ஐஎஸ்எல்லில் ஆடுகிறவனாக இருந்தாலும் சரி, நேதாஜி ஸ்டேடியத்தில் ஓடுகிற பொடியனாக இருந்தாலும் சரி, சம்மேளனத்தின் கணக்கில் வருகிற போட்டி என்றால் அதில் பெயர் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கிளப்தான். நம் பையன் பெயர் அதில் எப்படிப் போனது? போன வருஷம் இங்கே ஒரு லோக்கல் கிளப்பில் "ஒரு டோர்னமென்ட் இருக்கு, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க" என்று கேட்டார்கள். கொடுத்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் ஜெராக்ஸ் கேட்டாலும் எதற்கு என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சரி, பதிவு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கலாம் என்று ஷிஃப்ட் முடிந்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். "தம்பி, சிஆர்எஸ் ஓபன் பண்ணுப்பா, பையன் பதிவு பாக்கணும்" என்றேன். அவனும் திறந்தான். பிறப்பு இறப்புப் பதிவுத் தளம்! அதற்கும் பெயர் சிஆர்எஸ்தான். அரை மணி நேரம் பையனை அதில் தேடிக்கொண்டிருந்தோம். கால்பந்து என்றதும் அவன் பார்த்த பார்வை இருக்கிறதே. வேடிக்கை என்னவென்றால், எனக்கு ரெண்டு சிஆர்எஸ்ஸிலும் வேலை இருந்தது.

பிறப்புச் சான்றிதழ் விஷயம் இப்படி. தலைப்பிரசவம் மனைவியின் தாய் வீட்டில். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், பெயர் வைப்பதற்கு முன்பே 2011இல் சான்றிதழ் வந்துவிட்டது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் அதையே வைத்துச் சேர்த்தோம், ஆதாரும் எடுத்தோம். பதினாலு வருஷம் அந்தக் கோடு யாரையும் உறுத்தவில்லை. பெயர் சேர்க்க 15 வருஷம் வரைதான் அவகாசம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னும் ஒரு வருஷம் தூங்கியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். உங்கள் வீட்டுச் சான்றிதழை இப்பவே பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

ஜூலை இரண்டாவது வாரம் முதல் நடை. மாமனார் ஊர் 2019இல் மாவட்டம் பிரித்தபோது ராணிப்பேட்டைக்குள் போய்விட்டது. சான்றிதழில் வேலூர் மாவட்டம், இன்றைக்கு இருப்பது ராணிப்பேட்டை மாவட்டம். அதனால் புது கலெக்டர் ஆபீசுக்குத்தான் போக வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும், பிறப்பை எந்த உள்ளாட்சி அலுவலகம் பதிந்ததோ அங்கேதான் பெயரும் சேர்க்க வேண்டும். அடுத்த நடை சரியான அலுவலகம். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மா கையெழுத்து?" என்றார். இல்லை என்றேன். ஃபாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். வேறு என்னென்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "அதுல எழுதியிருக்கு." எழுதியிருந்தது உண்மைதான், படிக்க முடியாத ஜெராக்ஸில். மூன்றாவது நடை மனைவியோடு. தாமதக் கட்டணம் 200 ரூபாய், பள்ளிச் சான்று, ரெண்டு பேர் ஆதார், ரெண்டு பேர் கையெழுத்து. அன்றைக்கு வேறொருவர் இருந்தார், அரை மணியில் முடித்துக் கொடுத்தார். "ஏங்க, இதுக்கா ரெண்டு நாள் அலைஞ்சீங்க?" என்று பஸ்ஸில் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதற்கு நடுவில் பெரிய கூத்து ஒன்று. ஜூலை 11ஆம் தேதி, ஐஎஸ்எல்லை அப்போது நடத்திய நிறுவனம், 2025-26 சீசனை நிறுத்திவைப்பதாக சம்மேளனத்துக்கும் கிளப்புகளுக்கும் கடிதம் எழுதிவிட்டது. காரணமும் காகிதம்தான். 2010இல் சம்மேளனத்தோடு போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடிவதாக இருந்தது, அதுவரை புதுப்பிக்கவில்லை. சீசன் பாதியில் ஓடும்போது ஒப்பந்தம் தீர்ந்தால் என்ன செய்வது? ஆகஸ்டில் சில கிளப்புகள் முதல் அணியின் வேலைகளையே நிறுத்தின. 2014இல் எட்டு அணியோடு ஆரம்பித்து, 2024-25 சீசனில் 13 அணி வரை வளர்ந்த லீக். அந்த சீசனில் மோகன் பகான் அணி புள்ளிப்பட்டியலில் முதலிடத்துக்கான கேடயம், இறுதிப்போட்டிக் கோப்பை ரெண்டையும் அள்ளியது. அப்பேர்ப்பட்ட லீகே ஒரு கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு நின்றது. என் நிலைமை எனக்குக் கொஞ்சம் கௌரவமாகக்கூடத் தெரிந்தது.

"அப்ப எங்க பதிவு என்ன சார் ஆகும்?" என்று அகாடமிக்குப் போன் போட்டேன். அந்த அலுவலகத் தம்பி பொறுமையாகச் சொன்னார். லீக் நின்றாலும் இளையோர் வேலை நிற்காது, ஏனென்றால் அது கிளப்பின் உரிமத்தோடு கட்டிய விஷயம். மேல் மட்ட லீகில் ஆட கிளப் உரிமம் வாங்க வேண்டும். விளையாட்டு, கட்டமைப்பு, ஆட்கள், சட்டம், நிதி என்று அஞ்சு தலைப்பில் சோதிப்பார்கள். விளையாட்டு என்ற தலைப்பில் முக்கியமாகப் பார்ப்பது இளையோர் அணிகளைத்தான். ஒழுங்கான பதிவோடு பிள்ளைகள் இல்லையென்றால் கிளப் விலக்கு கேட்டுக் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான். இந்த லீகில் கடைசி இடம் வந்தால்கூட கீழ் லீகுக்கு இறக்குவது 2024-25 சீசன் வரை கிடையாது. மேலே வருவது உண்டு. அடுத்த மட்ட லீகான ஐ-லீக்கை ஜெயித்து பஞ்சாப் அணி 2023இல் அப்படி வந்தது. மைதானத்தில் தோற்றால் பிழைத்துக்கொள்ளலாம், பைலில் தோற்றால்தான் கஷ்டம் என்று நான் புரிந்துகொண்டேன்.

இனி அந்த லோக்கல் கிளப். செயலாளரைப் பார்க்கப் போன முதல் நாள் ஆடிக் கிருத்திகை சமயம். ரத்தினகிரிக்குக் காவடி எடுத்துப் போயிருக்கிறார் என்றார்கள். முருகன் விஷயத்தில் என்ன சொல்ல முடியும், திரும்பி வந்தேன். வடாற்காட்டில் ஆடி மாதம் யாரிடமும் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள்.

அடுத்த நடையில் ஆள் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சாவகாசமாக டீ சொன்னார்.

"இன்னா சார், எல்லாரும் இங்க கத்துக்கினு மெட்ராஸ் பூட்டா நாங்க இன்னா பண்றது? பையன் பேரு எங்க ஐடில கீது. எடுக்கணும்னா பதினஞ்சு வெச்சிட்டு எடுத்துக்கோ."

பதினஞ்சு என்றால் பதினைந்தாயிரம். பயிற்சிச் செலவாம். மாசம் 500 ரூபாய் கட்டித்தான் ரெண்டு வருஷம் அனுப்பினேன் என்றேன். அது கிரவுண்டுக்கு, இது ட்ரான்ஸ்ஃபருக்கு என்றார். ரசீது தருவீர்களா என்றேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று ராத்திரி கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, பையனின் பி.டி. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதுதான் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது. எழுத்தில் ஒப்பந்தமும், செலவுக்கு மேல் பணமும் இருந்தால்தான் ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரன். நம் பிள்ளைகள் எல்லாம் அமெச்சூர்தான். ஒப்பந்தம் இல்லாத பிள்ளையை விடுவிக்கப் பெற்றோரிடம் பணம் கேட்க எந்த விதியிலும் இடமில்லை. பயிற்சி இழப்பீடு என்று ஒன்று உண்டு. ஆனால் அது கிளப் கிளப்புக்குக் கொடுப்பது, அதுவும் பையன் பிற்பாடு தொழில்முறை ஒப்பந்தம் போட்டால்தான். அப்பன் பாக்கெட்டிலிருந்து போவதில்லை.

ஆறாவது நாள் சென்னை போனது, வயதுச் சோதனைக்கு இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்க. எலும்பின் வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். தேறிவிட்டான். சான்றிதழில் பெயரும் இருந்தது. பாக்கி அந்த ஒரு சம்மதம் மட்டும்.

ஏழாவது நடை அதே செயலாளரிடம், பி.டி. சாரோடு. நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் விதிப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கோட்டை மைதானத்தில் செயலாளரும் தானும் ஒன்றாக ஆடிய காலத்தையே கால் மணி நேரம் பேசினார். அப்புறம் மெதுவாக, "யோவ், பையன் பன்னெண்டு வயசுலேர்ந்து எங்கெங்க ஆடுனான்னு அவன் ப்ளேயர் பாஸ்போர்ட்டுல ஏறும். நாளைக்கு அவன் ஐஎஸ்எல்லுல சைன் பண்ணா, முத வரில உன் கிளப் பேரு வரும். பணம் வந்தா அதுலேர்ந்துதான் வரும். இங்கயே பூட்டி வெச்சா இன்னா வரும், துருதான் வரும்" என்றார்.

செயலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்தார். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாம்! அதை மீட்டு, ஓடிபி வந்து, எங்கள் கண்ணெதிரிலேயே சம்மதத்தை அழுத்தினார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கிழிந்த வலையும் நாலு பந்துமாக வெயிலில் பிள்ளைகளை ஓடவிடுகிறவர். பெரிய கிளப் வந்து கொத்திக்கொண்டு போகிறது, அவருக்கு ஒரு நன்றிகூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் பதினைந்தாயிரம் கேட்டதை மறக்க மாட்டேன்.

மாநிலச் சங்கம், சம்மேளனம் என்று மேலே போக வேண்டிய சம்மதங்கள் எல்லாம் நாலு நாளில் தானாக நடந்தன.

ஒன்று மட்டும் மிச்சம். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ரெண்டு கட்டம். பள்ளியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், நமக்கு ஏது கடைசிப் பெயர்? அகாடமித் தம்பி ஆதாரைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார். இப்போது சம்மேளனத்தின் கணக்கில் என் மகனின் குடும்பப் பெயர் வெறும் "எஸ்". மாற்றட்டுமா சார், இன்னொரு கடிதம் வைத்தால் போதும் என்று கேட்டார்.

"வேணாம் தம்பி. இருக்கட்டும்."