வேட்பாளர் இல்லாத தேர்தலில் வாக்களித்தேன்

ஜெர்மன் குடியுரிமை கிடைத்த பிறகு நான் போட்ட முதல் வாக்கு, ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் உள்ளாட்சித் தேர்தலில்தான். ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலம், 2024 ஜூன் 9. அன்றைக்கே மாவட்ட மன்றத் தேர்தலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 16 வயது என்பதால் ஐரோப்பாவுக்கு மட்டும் வாக்குச்சீட்டு; ஊர்மன்றத்துக்கு 18 ஆக வேண்டும். அவனுக்கு ஒரே கடுப்பு.

சீட்டுகள் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிட்டன. மாவட்ட மன்றச் சீட்டை விரித்தால் சாப்பாட்டு மேசையே மறைந்துவிடும். கட்சி கட்சியாகப் பெயர்கள். பிடித்தவருக்கு 3 வாக்கு வரை குவிக்கலாம், பட்டியல் விட்டுப் பட்டியல் தாவவும் செய்யலாம். ஊர்மன்றச் சீட்டிலோ ஒரு பெயரும் இல்லை. எண்ணிட்ட 8 வெற்றுக் கோடுகள் மட்டும்.

எங்கள் ஊரில் யாரும் வேட்பாளர் பட்டியல் கொடுக்கவில்லை. அப்படியானால் வாக்காளரே பெயர் எழுத வேண்டும். மக்கள்தொகை 300 வரை இருந்தால் 6 உறுப்பினர், 500 வரை என்றால் 8. தகுதியுள்ள யாரையும் எழுதலாம், அவரிடம் கேட்கக்கூடத் தேவையில்லை. எழுதும் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்குதான்.

சரி என்று எழுத உட்கார்ந்தால், பாதிப் பேரின் முழுப்பெயர் தெரியவில்லை. இங்கே வீடுகளுக்குப் பழைய பெயர்கள் உண்டு. எங்கள் வாசலையும் சேர்த்துப் பனி தள்ளித் தரும் பெரியவரை ஊரே 'தையற்காரர் வீட்டுக்காரர்' என்கிறது. அந்தக் குடும்பம் ஊசி பிடித்துத் தலைமுறைகள் ஆகிவிட்டன. அஞ்சல் பெட்டியில் இருப்பது வேறு குடும்பப் பெயர். போதாததற்கு அதே பெயரில் அடுத்த தெருவில் அவருடைய மகன். அதனால் தொழிலோ வீட்டு எண்ணோ சேர்த்து இன்னார் என்று தெளிவாக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்கு வீண். நாயைக் கூட்டிப் போகும் சாக்கில் தெருத்தெருவாக அஞ்சல் பெட்டிகளைப் படித்துக்கொண்டு திரிந்தேன்.

இந்த மன்றத்துக்கு அப்படி என்ன வேலை என்று கேட்கலாம். கல்லறைத் தோட்டம், பொதுக்கூடம், உள்தெருக்கள், ஊருக்குச் சொந்தமான காடு. பாஸ்போர்ட் போன்ற காகித வேலையெல்லாம் பல ஊர்களுக்குப் பொதுவான ஒன்றிய அலுவலகத்தில். ஈரடுக்கு ஏற்பாடு பழையது. 1794-இல் எங்கள் பகுதி இருக்கும் ரைன் ஆற்றின் இடக்கரையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், பின்னர் சில ஊர்களைச் சேர்த்து ஒரு மேயரின் கீழ் வைத்தார்கள். 1815-இல் வந்த பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசு அதைக் கலைக்கவில்லை. இன்றைய ஒன்றிய முறை 1968-இல் உருவானது.

மாலை 6 மணிக்கு வாக்குச்சாவடி மூடியதும் அங்கேயே எண்ணிக்கை. யாரும் நின்று பார்க்கலாம். ஐரோப்பியச் சீட்டுகள் முதலில். எங்கள் சீட்டுகளுக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஒருவர் பெயரை வாசிக்க, இன்னொருவர் கோடு போட்டார். கிறுக்கல் கையெழுத்து வந்தால் எல்லாத் தலைகளும் ஒரே காகிதத்தின் மேல்.

தையற்காரர் வீட்டுப் பெரியவர் தேர்வானார். வயதாகிவிட்டது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்து அதிக வாக்கு வாங்கியவர் உள்ளே வந்தார். ஊர்த்தலைவர் பதவிக்கும் ஆள் நிற்கவில்லை, ஆகவே மன்றமே தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் கைகுலுக்கிப் பொறுப்பேற்றார்கள். அப்புறம் தலைவர் பேச்சு வந்ததும் மேசையைச் சுற்றி ஒரே மௌனம். கடைசியில் தச்சுப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். சம்பளம் கிடையாது, செலவுப்படி மட்டும். ஏதாவது வேண்டுமென்றால் மாலையில் பட்டறைக்கே போய்ப் பார்க்கலாம்.