முதல் ஓட்ட ஷூ வாங்கிய கதை

ஓடப் போகிறேன் என்று வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஷூ மெத்தென்று இருக்க வேண்டும் என்றார் ஒருவர். மெத்தையே கூடாது, தரை காலுக்குத் தெரிய வேண்டும் என்றார் இன்னொருவர். பாதத்தை நனைத்துக் காகிதத்தில் பதித்துப் பாருங்கள் என்றார் மூன்றாமவர். பார்த்தேன். நடுவில் இடைவெளியே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தது, தட்டைப் பாதம். அப்படியானால் பாதம் உட்புறம் சாய்வதைத் தடுக்கும் ஷூதான் வாங்க வேண்டும் என்பது பலரும் சொல்லும் விதி.

கடைக்குப் போகுமுன் அந்த விதியைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வளைவைப் பொருட்படுத்தாமல் ஒரே வகை. காயங்களில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. 2015இல் பென்னோ நிக்கும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒன்று, காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே காயத்தைக் குறைக்கும் வழியாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தது. அது முடிந்த முடிவல்ல, கருதுகோள்தான். ஆனாலும் ஈரக் காகிதத்தைவிட என் காலை நம்பலாம் என்ற துணிச்சல் வந்தது. ஏற்கெனவே முழங்காலிலோ குதிகாலிலோ வலி இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

மாலையில்தான் போனேன். நாள் முழுதும் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துச் சென்றேன். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து கொப்புளம் கிளப்பும் என்பதால் செயற்கை இழை. நின்றபடி அளந்ததில் இடது பாதம் கொஞ்சம் நீளம். பெரிய பாதத்துக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பிப் பயனில்லை. ஒரே எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு நீளம். முதலில் போட்ட ஜோடி, செருப்புக்கு நான் வாங்கும் அதே எண்தான். நீளம் போதும்போல் இருந்தது. ஆனால் சுண்டுவிரல் பக்கம் வலைத்துணி விறைத்துப் புடைத்து, அதன் கண்கள் வழியே சாக்ஸின் நிறம் தெரிந்தது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்றார் விற்பனையாளர். தோல் செருப்பு கடித்துக் கடித்துப் பழகலாம். இந்தச் செயற்கைத் துணி அப்படி இளகிக் கொடுக்காது. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நின்றேன். பாதம் வெளிப்பக்கம் வழிந்து நின்றது. அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. எனக்கு வேண்டியது அகல வகை. ஆண்கள் ஷூவில் அதை 2E என்று குறிக்கிறார்கள்.

அடுத்து கார்பன் தகடு வைத்த ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். பந்தயத்தில் நொடிகளைக் குறைக்க நினைப்பவர்களுக்கான சரக்கு அது. தெருமுனை வரை ஓடினாலே மூச்சு வாங்குகிறவருக்கு எதற்கு?

மிஞ்சியவற்றில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். அவர்கள் அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். குதிகாலுக்கும் விரல் பகுதிக்கும் உள்ள உயர வித்தியாசம் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ள வழக்கமான வகையே போதும் என்று முடிவு செய்தேன். அந்த வித்தியாசமே இல்லாத ஷூவுக்குத் திடீரென மாறினால் கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் கூடுதல் பாரத்தைச் சுமக்க நேரும்.

பிறகு கடைக்குள்ளேயே ஓடிப் பார்த்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். நின்று பார்ப்பதில் தெரியாத குறை ஓடும்போது தெரிகிறது: ஒரு ஜோடியில் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே எழும்பி இறங்கியது. இன்னொன்றில் அதே தொல்லை லேசாக இருந்தது. மேலே தனியாக இருக்கும் கடைசித் துளையில் லேஸை வளையமாக்கி, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் கோத்து இழுத்ததும் குதிகால் அசையாமல் நின்றது. பலரும் தொடாமல் விடும் அந்தத் துளை இருப்பதே இதற்குத்தான். அந்த ஜோடியையே வாங்கினேன். நிறம் எனக்குப் பிடித்ததல்ல.

அதைப் போட்டுக்கொண்டு வேறெங்கும் போவதில்லை, ஓட மட்டும்தான். ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்கிறார்கள். அடிப்பகுதி தேயாமல் இருக்கும்போதே நடுவில் உள்ள நுரை அமுங்கித் துவண்டுவிடும், வெளியே தெரியாது. அதனால் ஓடிய தூரத்தை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்.