ஜெனரல் பேப்பரில் ‘ஃபேட்’ என்ற சொல் வந்தால்

மொரீசியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சியில் ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலத் தாளுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. காம்ப்ரிஹென்ஷனில் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லும்போது மதிப்பெண்ணைத் தின்பது நீளமான சொற்கள் இல்லை, ‘ஃபேட்’ மாதிரியான குட்டிச் சொற்கள்தான். எஃப், ஏ, டி (fad), மூன்றே எழுத்து. மொரீசியஸ் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு: பிரெஞ்சில் ‘ஃபாட்’ என்றால் உப்புச் சப்பில்லாதது, எங்கள் பேச்சு மொழியான க்ரெயோலிலும் அப்படித்தான் சொல்கிறோம், அதனால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் மனசு நேராக ருசியில்லாத குழம்புக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திடீரென்று ஊரையே பிடித்துக்கொண்டு சீக்கிரமே அடங்கிவிடும் மோகம்தான் ஃபேட். 1958இல் அமெரிக்காவில் ஹுலா ஹூப், 2017இல் பிள்ளைகள் கையில் சுழன்ற ஃபிட்ஜெட் ஸ்பின்னர், இதெல்லாம் அந்த வகை.

சொல் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. ‘ஃபிடில்-ஃபேடில்’ என்ற, வெட்டிப்பேச்சைக் குறிக்கும் பழைய சொல்லின் துண்டாக இருக்கலாம் என்பது அகராதிகளின் ஊகம். முதலில் ஒரு தனி ஆளின் விசித்திரமான பிடிவாதத்தைத்தான் குறித்தது, ஊர் மோகம் என்ற பொருள் பிறகு வந்தது. சாப்பாட்டில் அது வேண்டாம் இது வேண்டாம் என்று அடம்பிடிக்கும் குழந்தையை பிரிட்டனில் இன்றைக்கும் ‘ஃபேடி ஈட்டர்’ என்கிறார்கள், பழைய பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது.

பக்கத்துச் சொல்லான ‘க்ரேஸ்’ (craze) எனக்கு இன்னும் பிடிக்கும். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு கவிதையில் உடையாத ஜன்னல் கண்ணாடியைச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். அப்போது அதற்கு உடைதல், விரிசல் விடுதல் என்று பொருள். பீங்கானின் பளபளப்பில் விழும் மெல்லிய கீறல்களுக்கு இன்றும் ‘க்ரேஸிங்’ என்றே பெயர். விரிசல் பாத்திரத்திலிருந்து புத்திக்குத் தாவி, அப்புறம் கூட்டத்தின் பித்து ஆனது. இந்தக் கதை தெரிந்தால் சொல் மறக்காது.

சரி, கட்டுரைக்கு வருவோம். ‘ட்ரெண்ட்’ நடுநிலையான சொல். ‘ஃபேட்’ அப்படி இல்லை, அதில் கொஞ்சம் இளக்காரம் கலந்திருக்கிறது. சமூக ஊடகம் ஒரு ஃபேட் என்று எழுதினால், அது நிலைக்காது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள், அடுத்த பத்தியில் ஏன் நிலைக்காது என்று காரணம் காட்டியே ஆக வேண்டும். அதற்குத் தயாராக இல்லையென்றால் ‘ட்ரெண்ட்’ போதும்.

நான் படித்தபோது அர்த்தத்தை மட்டும் எழுதி வைப்பதில்லை, கூடவே வரும் சொல்லையும் சேர்த்தே நோட்டில் எழுதுவேன்: ‘பாஸிங் ஃபேட்’, ‘ஃபேட் டயட்’, ‘லேட்டஸ்ட் க்ரேஸ்’. ஒரு பொருள்மேல் மோகம் என்று சொல்ல ‘க்ரேஸ் ஃபார்’ என்று எழுதுங்கள், ‘ஆன்’ போடாதீர்கள்.