பந்தியில் ஒரு சாவ்தான்

எங்கள் பக்கத்தில் ஒரு பையன் மிலிட்டரிக்குப் போனான் என்றால் ஊர் கேட்கிற கேள்விகள் மூன்றுதான். சம்பளம் எவ்வளவு, துப்பாக்கி கொடுத்துட்டாங்களா, கேன்டீன் சரக்கு எப்ப வரும். மூன்றாவதை மட்டும் ஆளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்பார்கள்.

என் அக்கா மகன் புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமியில் படிக்கிறான். என்.டி.ஏ. என்றால்தான் கொஞ்சம் பேருக்காவது புரியும். அவன் அங்கே படிக்கிறான் என்பதையே மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்தில் யாரும் நம்பத் தயாராக இல்லை. மூன்று வருடம், ஆறு டெர்ம், முடிவில் டில்லி ஜே.என்.யூ. பட்டம், அதற்கப்புறம்தான் ராணுவம், கடற்படை, விமானப்படை என்று பிரிந்து மேற்பயிற்சி என்று அக்கா மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பாள். எதிர்வீட்டு அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் அக்னிவீரு. நாலு வருஷம்தானே?" என்பார். இல்லண்ணே, இது ஆபீசர் ஆகிற படிப்பு, யு.பி.எஸ்.சி. பரீட்சையில் கணக்குக்கு 300, பொதுத்திறனுக்கு 600 மார்க், அதில் தேறினால் ஐந்து நாள் கூடவே வைத்து எஸ்.எஸ்.பி. தேர்வு, அதற்குத் தனியாக 900 மார்க் என்று நானும் என் பங்குக்கு ஆரம்பிப்பேன். "சரி சரி, நெஞ்சளவு எவ்ளோ கேட்டாங்க?"

சம்பள விஷயம் இன்னும் மோசம். அந்த மூன்று வருடமும் சம்பளம் கிடையாது. படிப்பு, சாப்பாடு, உடை எல்லாம் அரசாங்கச் செலவு. கைச்செலவுக்கு மட்டும் வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும். இதை அக்கா ஒரு கல்யாண வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். "மிலிட்டரிக்கு நீங்க காசு அனுப்புறீங்களா?" என்று கேட்ட சித்தி அன்றிலிருந்து அக்காவை ஒரு மாதிரிதான் பார்க்கிறாள். பையன் எங்கேயோ ஏமாந்துவிட்டான், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிறார்கள் என்பது சித்தியின் முடிவு.

டெர்ம் லீவுக்கு ஜூன் மாதம் வந்தான். மேட்டூர் திறக்கிற தேதி வழக்கப்படி ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் ஒருத்தரையும் பிடிக்க முடியாது. அதனால் விசேஷம் எல்லாவற்றையும் அதற்கு முன்னால் வைகாசியிலேயே போட்டுத் தள்ளிவிடுவோம். என் பிள்ளைகளுக்குக் காதணி விழாவும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ராணுவப் பையன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆற்றங்கரையில் ஓடுவான், அதைப் பார்த்தாவது நம் வீட்டுத் தடியன்கள் திருந்துவார்கள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவன் தூங்கினான். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, திரும்பத் தூங்கினான். உட்கார்ந்தபடியே, முதுகு வளையாமல், தலை சாயாமல் தூங்கவும் தெரிந்து வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டு மாமா அவன் முன்னால் உட்கார்ந்து கார்கில் போரை ஆதியிலிருந்து அந்தம் வரை சொல்லி முடித்துவிட்டு, "பையன் எவ்வளவு கவனமா கேக்குறான் பாத்தியா" என்று என்னிடம் பெருமைப்பட்டார். விடியற்காலை முதல் விளக்கணைக்கிற வரை ஓட்டம், டிரில், வகுப்பு, விளையாட்டு என்று போகிற இடத்தில் தூக்கம்தான் பெரிய சொத்து என்று அப்புறம் விளக்கினான். வகுப்பில் கண் செருகாமல் இருப்பதுதான் இருக்கிறதிலேயே கடினமான பயிற்சியாம்.

அம்மாச்சி, அதாவது என் அம்மா, கவலைப்பட்டது தூக்கத்துக்காக இல்லை. அவன் முழங்கையும் தோளும் கறுத்துத் தழும்பேறிக் கிடந்ததைப் பார்த்துப் பதறிவிட்டாள். "ஃப்ரண்ட் ரோல் அம்மாச்சி. தரையில குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே போவணும்." அம்மா கொஞ்சநேரம் யோசித்தாள். "அங்கப்பிரதட்சணம் மாதிரியா? எந்தக் கோயில்ல?"

நீச்சல் கதை எனக்குப் பிடித்தது. பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பாலத்துக் கட்டையிலிருந்து குதிக்கிற கூட்டத்தில் இவன் எப்போதும் முதல் ஆள். அந்தத் தெம்பில் அங்கே நீச்சல் தெரியுமா என்று கேட்டபோது கையைத் தூக்கியிருக்கிறான். குளத்தில் இறங்கித் தலையைத் தண்ணீருக்கு மேலே விறைப்பாக வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் முறைப்படி நாலாபக்கமும் தண்ணீரை அடித்துக்கொண்டு மறுகரை சேர்ந்தான். அடுத்த நாள் நீச்சலே தெரியாத பையன்களோடு சேர்த்து ஒன்றாம் பாடத்திலிருந்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்களாம். ஆனால் 10 மீட்டர் மேடையிலிருந்து குதிக்கிற நாளில் மற்றவன் எல்லாம் விளிம்பில் நின்று குலதெய்வத்தைக் கூப்பிட, இவன் பொத்தென்று குதித்துவிட்டுத் திரும்பவும் ஏறி வரிசையில் நின்றிருக்கிறான். ஒரு தடவை போதும் என்று சொல்லி விரட்டிவிட்டார்களாம்.

கைபேசியில் அகாடமி படங்களைக் காட்டினான். பெரிய குவிமாடத்தோடு நிற்கிற நடுக்கட்டடத்துக்கு சூடான் பிளாக் என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் ஆப்பிரிக்கப் பக்கம் சண்டையிட்டு உயிர்விட்ட நம் சிப்பாய்களின் நினைவாக சூடான் அரசு கொடுத்த 1 லட்சம் பவுண்டில் கட்டியது. 1959-இல் திறந்தார்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அவ்வளவு பெரிய மொய்யி எழுதியிருக்கான். நம்ம கவர்மெண்டு திருப்பிச் செஞ்சுதா?" மொய்க்கணக்குத் தெரிந்த ஊர்க்காரி கேட்கிற கேள்விதான் அது. பையனிடம் பதில் இல்லை.

அவன் மெஸ்ஸைப் பற்றிச் சொன்னபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே கூரையின்கீழ், ஒரே நேரத்தில், இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. அவன் சாப்பிடுகிற வேகத்தை வீட்டிலேயே பார்த்திருந்தேன், ரசம் வருவதற்குள் இலையை மூடிவிடுகிறான். காதணி விழாவுக்கு அழைத்திருந்தது ஐந்நூறு பேர். "மாப்ள, பந்தி விசாரிப்பு உன் பொறுப்பு" என்று ஒப்படைத்துவிட்டேன்.

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை அடியளந்து வரைபடம் போட்டான். ஒரு பந்திக்கு நூற்றிருபது பேர். அடுத்த நூற்றிருபது பேர் வெளியே வரிசையில். முன்கதவில் உள்ளே வந்து, கைகழுவுகிற பக்கத்துக் கதவில் வெளியே போக வேண்டும். சாம்பார் வாளிக்கு ஒரு வழி, கூட்டு பொரியலுக்கு ஒரு வழி. சமையல்கார அண்ணன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி" என்று அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோனார். அப்பளச் சட்டிக்கு அடியில் பிற்பாடு அதைப் பார்த்தேன்.

முதல் பந்தி நிஜமாகவே அழகாக நடந்தது. புதிய ஆட்கள் இருந்ததால் இருக்கலாம். இரண்டாவது பந்திக்குத் திருவாரூர் அத்தை வந்து சேர்ந்தாள். வரிசையை ஏற இறங்கப் பார்த்தாள். நேரே சுற்றிக்கொண்டு போய்க் கைகழுவுகிற கதவு வழியாக உள்ளே நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நாற்காலிக்குப் பின்னால் தன் படையை நிறுத்தினாள். ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் ஒரு கை. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் பிடரியில் மூச்சுக்காற்று பட்டு அவசரமாக எழுந்தார்கள். காலியான இடத்தில் கைக்குட்டை, கைப்பை, அப்புறம் ஒரு கைக்குழந்தை.

மாப்பிள்ளை போய் மரியாதையாக, "மேடம், ப்ளீஸ், அந்த வழியா வரிசையில..." என்றான்.

"யாருடா மேடம்? ஒங்க தாத்தாகூடப் பொறந்தவடா நான்!"

அதைக் கேட்டதும் வெளியே நின்ற வரிசை கலைந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு 'வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு' என்று ஒரு போர்முழக்கம் உண்டு. எங்கள் சொந்தக்காரர்கள் வாயால் எதுவும் சொல்லவில்லை, மற்றபடி எல்லாம் செய்தார்கள். பரிமாறுகிற பையன்கள் இரண்டு பேர் மூலையில் ஒதுங்கிவிட்டதால் மாப்பிள்ளையே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டான்.

அந்த ரெஜிமென்ட்டிலேயே ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் எங்கள் பங்காளி. கடைசி வரிசையில் இலை முன்னால் உட்கார்ந்து இந்த அமளியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். அடிவயிற்றிலிருந்து, கூரை அதிர, "ஸ்குவாட்... சாவ்தான்!"

கூடமே அடங்கியது. என்.சி.சி.யில் இருக்கிற இரண்டு பையன்கள் வாயில் வடையோடு எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை குதிகால் இரண்டும் டக்கென்று ஒட்ட, இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி, பார்வை நேரே எதிர்ச்சுவரில் இருந்த கேட்டரிங் காலண்டர் மேல், அப்படியே விறைத்துவிட்டான்.

கொஞ்சநேரத்தில் மற்றவர்கள் பழையபடி சத்தம் போட ஆரம்பித்தார்கள். இவன் அசையவில்லை. சாவ்தான் என்று விறைத்து நிற்கச் சொன்னவர்தான் விஷ்ராம் என்று தளர்ந்து நிற்கவும் சொல்ல வேண்டும். சொன்னவரோ அதற்குள் கூட்டில் மும்முரமாகிவிட்டார். வாளிக்கு நேர் எதிரே சோற்றில் குளம் வெட்டிக் காத்திருந்த என் மைத்துனர், இவனையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, சாம்பார்." பதில் இல்லை. "தம்பி?" கண் கூடச் சிமிட்டவில்லை. தாய்மாமனாக வந்து சீர் செய்தவருக்கு இந்த மரியாதைதானா என்று அவர் முகம் கறுக்க ஆரம்பித்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

அம்மா ஓடி வந்தாள். பேரன் கண்ணை நிலைகுத்தி விறைத்து நிற்பதைப் பார்த்தவள், "ஐயோ, புள்ளைக்குச் சாமி வந்துடுச்சுடா!" என்று ஒரு கூச்சல். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து விபூதியை அள்ளி அவன் நெற்றியிலிருந்து மோவாய் வரை பூசினாள். பாதி சாம்பாரில் விழுந்தது. "யாருப்பா வந்துருக்கிறது? ஐயனாரா? என்ன குறை வச்சோம்?" பக்கத்து இலைக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருவாரூர் அத்தையே எழுந்து நின்றுவிட்டாள்.

பெரியப்பா நிதானமாக அப்பளத்தை நொறுக்கி முடித்து, "விஷ்ராம்" என்றார்.

பையன் தளர்ந்தான். கரண்டி உள்ளே போய் வெளியே வந்தது, மைத்துனரின் குளம் நிறைந்தது. "பாத்தியா, விபூதி பட்டதும் எறங்கிடுச்சு" என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். உஸ்தாத், அதாவது டிரில் வாத்தியார், சொல்லாமல் எப்படி மாமா அசையறது என்று அவன் என்னிடம் கேட்டபோது, அவன் விளையாடினானா, நிஜமாகத்தான் நின்றானா என்று எனக்கு விளங்கவில்லை. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தமாதிரி இருந்தது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அம்மா டப்பா டப்பாவாகக் கட்டினாள். முறுக்கு, அதிரசம், ரவா லாடு. போனதடவை கொடுத்தனுப்பியது ஹரியானா பையனும் மணிப்பூர் பையனும் சேர்ந்து ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டார்களாம். நேச நாடுகளிலிருந்து வருகிற கேடட்டுகளும் அங்கே படிக்கிறார்கள். அப்படி வந்திருக்கிற பூட்டான் பையன் ஒருவனுக்கு அதிரசம் கிடைக்காமல் போய்விட்டதாம். அம்மாவுக்கு அது தாங்கவில்லை. அவனுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டிவிட்டு, மோர் மிளகாயும் வைக்கலாமா, பாவம் வெளிநாட்டுப் பிள்ளை, காரம் தாங்குமா என்று தயங்கினாள்.

"அம்மாச்சி, அவங்க ஊர்ல மிளகாய்தான் காய்கறியே."

அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் மோர் மிளகாய் ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள்.