ஐஆர் ரிமோட் பெட்டியில் டாஸ்மோட்டா 8.1-ஐப் புதுப்பித்த விதம்: எங்கே மாட்டும், ஏன் மாட்டும்

சேலத்தில் ஒரு வீடு, ஏற்காட்டில் ஒரு காட்டேஜ். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து யுனிவர்சல் ரிமோட் பெட்டிகள், அதாவது டிவி, ஏசி ரிமோட்டுக்குப் பதிலாக அகச்சிவப்பு (ஐஆர்) சைகை அனுப்புபவை. மூன்று, கடையில் வாங்கிய வைஃபை ஐஆர் பெட்டிகள். உள்ளே இஎஸ்பி8285 சிப். மற்ற இரண்டும் டி1 மினி என்ற சிறிய வைஃபை போர்டில் கையால் சாலிடர் வைத்துக் கட்டியவை. எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது டாஸ்மோட்டா 8.1 (இந்தச் சிப்களுக்கான இலவச நிரல்). அவற்றைப் புதிய வெளியீட்டுக்குக் கொண்டு போனபோது எந்தெந்த இடத்தில் சிக்கியது என்பதை வரிசையாக எழுதுகிறேன். இதே பழைய பதிப்போடு பெட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

8.1-லிருந்து ஒரே தாவலில் இன்றைய வெளியீட்டுக்குப் போகாதீர்கள். 8.1, 8.5.1, 9.1, அதன் பிறகுதான் இன்றையது. சும்மா சம்பிரதாயத்துக்காக வைத்த படிகள் இல்லை இவை. 9.1-இல் சிப்பின் பின்களை (இணைப்பு முனைகளை) குறிக்கும் எண்முறையே மாறியது. எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்று சொல்லும் வரிதான் டெம்ப்ளேட். பழைய டெம்ப்ளேட்டில் 13 எண்கள் இருக்கும். ஐஆர் அனுப்பும் பின்னுக்கு 8, வாங்கும் பின்னுக்கு 51. புதிய டெம்ப்ளேட்டில் 14 எண்கள். அனுப்ப 1056, வாங்க 1088. பழைய எண்களைப் புதியவையாக மாற்றி எழுதும் வேலையை 9.1 தானே செய்துவிடும். அதைத் தாண்டிக் குதித்தால் வெப் பக்கம் திறக்கும், வைஃபை இருக்கும், கட்டளைக்கு 'டன்' என்று பதிலும் வரும், ஆனால் ஐஆர் அனுப்பும் எல்இடி எரியாது. ஐந்தில் ஒன்றில் இந்தப் படியை விட்டுவிட்டதால் இதேதான் நடந்தது. கோளாறு எல்இடியில் என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்க்கும் வரை போய்விட்டது. அப்படி ஆகியிருந்தால் கழற்ற வேண்டாம். வெப் பக்கத்தின் மாட்யூல் பகுதியில் ஜிபிஐஓ 14 (14-ஆம் எண் பின்)-க்கு ஐஆர் சென்ட், ஜிபிஐஓ 5-க்கு ஐஆர் ரிசீவ் என்று கையால் போட்டுச் சேமித்தால் போதும். இந்த வகைக் கடைப்பெட்டியில் பின்கள் இவைதான். வேறு போர்டு என்றால் உங்கள் பழைய டெம்ப்ளேட்டில் 8-உம் 51-உம் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பாருங்கள்.

அதைப் பார்க்க வேண்டுமானால் பழைய டெம்ப்ளேட் கையில் இருக்க வேண்டுமே. தொடங்கும் முன்பே கன்சோலில் (வெப் பக்கத்தில் கட்டளை அடிக்கும் இடம்) 'டெம்ப்ளேட்' என்று மட்டும் அடித்து, வரும் வரியை நகலெடுத்து வையுங்கள். கான்பிகரேஷன் பக்கத்தில் பேக்கப் எடுத்தால் ஒரு டம்ப் கோப்பு இறங்கும், அதுவும் தேவை. ஆனால் அந்தக் கோப்பைக் கண்ணால் படிக்க முடியாது. நகலெடுத்த அந்த ஒரு வரிதான் அவசரத்துக்கு உதவியது.

அடுத்த சிக்கல் இடம். இஎஸ்பி8285-இல் ஃபிளாஷ் (நிரலைச் சேமிக்கும் நினைவகம்) சிப்புக்குள்ளேயே இருக்கிறது, மொத்தம் 1 எம்பி. ஓடிக்கொண்டிருக்கும் நிரலே அதில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் புதியது உட்காராது. 'நாட் எனஃப் ஸ்பேஸ்' என்று திருப்பி அனுப்பிவிடும். அதனால் முதலில் டாஸ்மோட்டா-மினிமல், அது ஏறி ரீஸ்டார்ட் ஆனதும் டாஸ்மோட்டா-ஐஆர். மினிமல் ஓடும் நேரத்தில் ஐஆர் வேலை செய்யாது, அது இயல்பு, அமைப்புகள் அழிவதில்லை. ஓடிஏ முகவரி (வைஃபை வழியாகக் கோப்பை இறக்கும் இணைய முகவரி) கொடுத்து ஏற்றினால் மினிமலைப் பெட்டியே எடுத்துக்கொள்ளும். கோப்பாக ஏற்றினால் இரண்டையும் நாம்தான் ஏற்ற வேண்டும். டி1 மினியில் 4 எம்பி இருக்கிறதே என்று கேட்கலாம். வழக்கமான டாஸ்மோட்டா கோப்பு 1 எம்பி என்ற கணக்கில்தான் கட்டப்படுகிறது, அதனால் அங்கும் இதே பாடுதான்.

கோப்பின் பெயரில் இரண்டு கவனங்கள். ஜிஇசட் (.gz) என்று முடியும் சுருக்கிய கோப்பை 8.2-இலிருந்துதான் பெட்டி புரிந்துகொள்ளும். 8.1-இல் இருக்கும் வரை சுருக்காத பின் (.bin) கோப்புதான் ஏறும். இரண்டாவது, ஐஆர் என்ற ஒட்டு பெயரில் இருக்க வேண்டும். வெறும் டாஸ்மோட்டா கோப்பில் என்இசி, ஆர்சி5, ஆர்சி6 போன்ற அடிப்படை புரோட்டோக்கால்கள் (ரிமோட்டின் சைகை முறைகள்) மட்டும்தான் உண்டு. டிவி வேலை செய்யும், ஏசி கட்டளை கொடுத்தால் 'அன்நோன்' என்று வரும். புதுப்பித்த பிறகு ஏசி மட்டும் போய்விட்டது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். ஓடிஏ முகவரி வெறும் டாஸ்மோட்டாவைக் காட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருத்தாமல் பொத்தானை அமுக்கினால் இப்படித்தான் ஆகும்.

கரண்ட் விஷயத்தில் மெனக்கெட வேண்டும். கோப்பு இறங்கும்போது மின்சாரம் போனால் ஒன்றும் ஆகாது, பழையது அப்படியே இருக்கும். 'சக்ஸஸ்' என்று வந்து ரீஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகள்தான் ஆபத்து. புதிய நிரல் முதலில் காலி இடத்தில் எழுதப்பட்டு, ரீஸ்டார்ட்டின்போதுதான் பூட்லோடரால் (சிப் எழும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) தொடக்க முகவரிக்கு நகலாகிறது. பாதி நகலில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஐந்து பெட்டிகளையும் 5 வோல்ட் பவர் பேங்கில் செருகித்தான் செய்தோம். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஒரு நிமிடம் கையை வைக்காமல் இருந்தால் நல்லது.

அப்படிச் செத்துப்போன பெட்டியை சீரியல் வழியாக, அதாவது யுஎஸ்பி-சீரியல் அடாப்டரால் கணினியோடு வயரில் இணைத்து, எழுப்பலாம். மூடியைத் திறந்து, 3.3 வோல்ட், கிரவுண்ட், ஆர்எக்ஸ், டிஎக்ஸ், ஜிபிஐஓ 0 ஆகிய ஐந்து புள்ளிகளில் மெல்லிய வயர் சாலிடர் வைக்க வேண்டும். ஆர்எக்ஸும் டிஎக்ஸும் குறுக்காகப் போக வேண்டும் (பெட்டியின் ஆர்எக்ஸ் அடாப்டரின் டிஎக்ஸுக்கு). சீரியல் அடாப்டரின் ஜம்பர் 3.3-இல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட் போனால் சிப் போச்சு. அடாப்டரில் இருக்கும் எஃப்டி232ஆர்எல் சிப்பின் 3.3 வோல்ட் முனை 50 மில்லிஆம்ப் மட்டுமே தரும். இஎஸ்பி சில நேரம் 300 மில்லிஆம்ப் வரை இழுக்கும். பாதி எழுதும்போது தொடர்பு அறுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டரைத் தனியாக வைத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக இணைத்தால் சரியாகிவிடும். ஜிபிஐஓ 0 வயரைக் கிரவுண்டில் தொட வைத்து, அதன் பிறகு கரண்ட் கொடுங்கள். கரண்ட் கொடுத்த பிறகு தொட்டால் பயனில்லை. இஎஸ்பிடூலில் (கணினியிலிருந்து சிப்பில் எழுதும் நிரல்) ஃபிளாஷ் மோடு டிஅவுட், வேகம் 115200, முகவரி 0. முழுதும் அழித்துவிட்டு எழுதுவதே மேல். எழுதி முடித்ததும் வயரை எடுத்துவிட்டு மறுபடி கரண்ட்.

சோதனைக்கு மொபைலின் முன்பக்கக் கேமராவை எல்இடி முன் பிடியுங்கள். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் ஐஆர் வடிகட்டி இருப்பதால் எரிந்தாலும் தெரியாது. ஊதா நிறத்தில் விட்டு விட்டு மின்னினால் பின் சரி.

பிறகு அசல் ரிமோட். சேலம் வீட்டின் வோல்டாஸ் ஏசி ரிமோட்டைப் பெட்டிக்கு நேரே ஒரு அடி தள்ளிப் பிடித்து அமுக்கினால், கன்சோலில் புரோட்டோக்கால் வோல்டாஸ், பிட்ஸ் 80 என்று ஒரு வரி வரும். அதன் வாலில் ஐஆர்ஹெச்வேக் என்று ஒரு தொகுதி இருக்கும்: கம்பெனி, மாடல், மோடு, வெப்பநிலை, ஃபேன் எல்லாம் பெயரோடு. அந்தத் தொகுதியை அப்படியே நகலெடுத்து, வெப்பநிலையை மட்டும் 26 என்று மாற்றிக் கட்டளையாகக் கொடுத்தோம். ஏசி 'பீப்' என்றது. கையால் தட்டச்சு செய்வதைவிட இதுவே நம்பகமான வழி. என்இசி வகை டிவி ரிமோட் ஒரு பொத்தானுக்கு 32 பிட் அனுப்பும். ஏசி ரிமோட்டோ ஒவ்வொரு அமுக்கலிலும் முழு நிலையையும் அனுப்பும், கடைசியில் செக்சம்மும் (பிழை சரிபார்க்கும் எண்) வரும். ஒரு பிட் பிசகினாலும் ஏசி வாயே திறக்காது. எல்லா வோல்டாஸ் மாடலும் இதே புரோட்டோக்கால் இல்லை, அதனால் பக்கத்து வீட்டுக் குறியீட்டை வாங்கிப் போடாதீர்கள்.

யாரும் எதுவும் அமுக்காமலே கன்சோலில் 'அன்நோன்' வரிகள் ஓடினால் அறையின் சிஎஃப்எல் அல்லது டியூப்லைட் இரைச்சல் அது. செட்ஆப்ஷன் 38 என்ற அமைப்பைக் கன்சோலில் 6-இலிருந்து 50-க்கு ஏற்றினால் அடங்கும்.

ஏற்காட்டுக் காட்டேஜில் ஏசி இல்லை, டிவியும் டிடிஹெச் பெட்டியும்தான். அங்கே இருப்பவை கையால் கட்டியவை. புதுப்பித்த பிறகும் இரண்டு மீட்டருக்கு மேல் எட்டவில்லை. நிரல் மாற்றுவதால் தூரம் கூடாது. இஎஸ்பி பின் 12 மில்லிஆம்ப்தான் தரும், எல்இடியை நேரே அதில் மாட்டியிருந்தது. 2என்2222 டிரான்சிஸ்டர், பேஸுக்கு 470 ஓம், 5 வோல்ட் முனையிலிருந்து எல்இடிக்கு 33 ஓம், பக்கத்தில் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். எல்இடிக்கு 100 மில்லிஆம்ப் வாக்கில் கிடைத்தது, ஹால் முழுதும் எட்டியது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு ஒரு 33 ஓம் ரெசிஸ்டருக்காகச் சேலம் இறங்க முடியாது. உதிரிகளை இரண்டிரண்டாக எடுத்துப் போங்கள்.

மலையில் இன்னொன்றையும் செய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்குக் குறைவான இடைவெளியில் ஆறு முறை கரண்ட் போய்ப் போய் வந்து ஏழாவது முறை நின்றால், டாஸ்மோட்டா அதை 'எல்லாவற்றையும் அழி' என்ற உத்தரவாக எடுத்துக்கொள்ளும். இடி மழை நாளில் லைன் அப்படித்தான் துடிக்கும். வைஃபை பெயர் முதல் டெம்ப்ளேட் வரை எல்லாம் போய், பெட்டி புதிதாக வாங்கியது போல் உட்கார்ந்திருக்கும். கன்சோலில் செட்ஆப்ஷன் 65-க்கு 1 கொடுத்தால் இந்த வசதி அணைந்துவிடும். முழு அழிப்போடு ஏற்றிய பெட்டியில் இது பழையபடி திரும்பிவிடுகிறது. அதனால் வேலை முடிந்ததும் கடைசியாக இதைப் போட்டுவிட்டு, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, மதிப்பு 1 என்று நிற்கிறதா பார்த்த பிறகுதான் மூடியை மாட்டினோம்.